ஆட்டத்தின் விதியை எழுதியவர் யார்?

1

எங்கள் தெருவில் நடக்கிற இரவுப் பாடசாலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டதை நண்பர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அதன் முன்னால் கூட்டம் போட்டுவிடுவார்கள். புது விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. 2005இல் வந்த 'சிவிலைசேஷன் 4' ஓடும். ஒரு நாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கி.மு. 4000இல் ஒரேயொரு ஊரோடு தொடங்கி, பயிர் வைத்து, படை திரட்டி, சட்டம் போட்டு, விண்வெளிக்குக் கப்பல் விடுகிறவரைக்கும் ஆடுகிற ஆட்டம் அது. ஆங்கிலத்தில் இவற்றை ஸ்ட்ராடஜி கேம் என்கிறார்கள். நாம் வியூக விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மழைநாள் ராத்திரி. நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன். சாதி வைக்கலாமான்னு கேக்குது. வச்சா விஞ்ஞானி எத்தன பேரு வேணும்னாலும் வருவாங்களாம். வச்சிரட்டுமா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் 'காஸ்ட் சிஸ்டம்' என்றே எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் அதன் பலன்களும் போட்டிருந்தன. பையன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஜெயிக்க வேண்டும், அதற்கு எது தோதோ அதைச் செய்ய வேண்டும் என்ற கணக்கில் கேட்டான். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவன் வைத்தான். அந்த ஆட்டத்தில் ஜெயிக்கவும் செய்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தேடல். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நமக்குத் தெரிந்தது பிரதிகளை வாசிப்பது. ஒரு காப்பியத்தில் யார் பேசுகிறார், யாருக்குப் பேச்சு மறுக்கப்படுகிறது என்று கேட்டு வாசிக்கப் பழகியிருக்கிறோம். விளையாட்டின் விதிகளும் ஒரு பிரதிதான். அரசு என்றால் என்ன, குடிமக்கள் என்றால் யார், நல்ல கொள்கை எது என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து விதியாக எழுதியிருக்கிறார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான இளைஞர்கள் அதைப் பாடப்புத்தகத்தைவிட ஈடுபாட்டோடு கற்றுக்கொள்கிறார்கள். அதை நாம் வாசிக்காமல் விட்டால் யார் வாசிப்பது?

2

நம்மிடம் ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்கு வெட்டும் பலம் உண்டு, ஆட்டுக்கு அது கிடையாது. ஆனால் ஆட்டின் பக்கமும் ஓர் ஆள் உட்கார்ந்து யோசித்து ஆடுகிறார். சேர்ந்து நின்று மறித்தால் புலியை நகரவிடாமல் கட்டிப்போட முடியும். பலமில்லாதவருக்கும் ஓர் இருக்கை, ஒரு வியூகம் உண்டு என்று தரையில் கரியால் கிழித்த அந்தக் கட்டம் ஒப்புக்கொள்கிறது.

ஐரோப்பாவில் வளர்ந்த வியூக விளையாட்டின் மரபு வேறு. 1824இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டைத் தன் தலைமைத் தளபதிகளுக்கு ஆடிக் காட்டினார். நிலப்படத்தின் மேல் படைக்கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டுகிற அந்த ஆட்டம் பிறகு அதிகாரிகளுக்கான பயிற்சியாகவே ஆகிவிட்டது. அதில் ஆடுகிறவர் தளபதி. சாகிற சிப்பாய் ஒரு கட்டைக்குள் அடங்கிய எண்ணிக்கை. மேலேயிருந்து பார்க்கிற இந்தப் பார்வைதான் இன்றைய கம்ப்யூட்டர் வியூக விளையாட்டு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கு எதிராகவும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சுருக்கெழுத்துப் பணி செய்த எலிசபெத் மாகி என்ற பெண் 1904இல் 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலவுடைமையாளர் விளையாட்டு என்று பொருள். நிலத்தின் மதிப்பு சமுதாயத்தால் உண்டாவது, அதனால் அந்த மதிப்பின் மேல் வரிபோட்டுப் பொதுவுக்கு எடுக்க வேண்டும் என்று பேசிய ஹென்றி ஜார்ஜின் கொள்கையைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைக்க அவர் எடுத்த வழி இது. பலகையைச் சுற்றிவருகிறவர்கள் நிலம் வாங்குவார்கள், அதில் கால் வைக்கிறவர்கள் வாடகை கொடுக்க வேண்டும். ஒரு மூலையில் உழைத்தால் கூலி. இன்னொரு மூலையில் ஒரு பிரபுவின் எஸ்டேட். அத்துமீறி நுழைந்தால் சிறை.

மாகி பின்னாளில் அதே பலகைக்கு இரண்டு விதித்தொகுப்புகளை வைத்தார். ஒன்றில் நிலத்தைக் குவிக்கிறவர் மற்றவர்களை ஓட்டாண்டியாக்கி ஜெயிப்பார். மற்றதில் வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். ஆட்டத்தைத் தொடங்கும்போது யாரிடம் ஆகக் குறைந்த பணம் இருந்ததோ, அவருடைய பணம் இரண்டு மடங்கானால் எல்லோரும் ஜெயித்ததாகக் கணக்கு. அதே கட்டம், அதே பகடை, அதே ஆட்கள். விதியை மாற்றியதும் வேறு சமுதாயம் வந்துவிடுகிறது. இரண்டையும் ஆடிப் பார்க்கிறவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள் என்று மாகி நம்பினார்.

நடந்தது என்ன? 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. ராயல்டி கிடையாது. அதே காலத்தில் சார்லஸ் டாரோ என்பவரிடமிருந்து வாங்கிய 'மோனோபோலி'யை உலகம் முழுக்க விற்றது. இரண்டு விதியில் ஒன்று மட்டும் மிஞ்சியது, குவிக்கிற விதி. நம் ஊர்க் கடைகளில் 'டிரேட்', 'பிசினஸ்' என்று விற்கிற பலகைகள் எல்லாம் அதன் பிள்ளைகள்தான். நாம் சின்ன வயதில் உட்கார்ந்து ஆடியபோது, மற்றவனை ஓட்டாண்டியாக்குவதுதான் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டோம். வேறு விதி ஒன்று இருந்ததே நமக்குத் தெரியாது. ஆதிக்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. தன் விதியைப் பல விதிகளில் ஒன்று என்று காட்டாமல் இயற்கை என்று காட்டுகிறது.

3

கம்ப்யூட்டருக்கு வருவோம். 1989இல் வில் ரைட் வடிவமைத்த 'சிம்சிட்டி' வந்தது. ஆடுகிறவர் நகரத்தின் மேயர். வீடு, கடை, தொழிற்சாலை என்று மூன்று மண்டலங்களைக் குறித்து, ரோடு போட்டு, மின்சாரம் கொடுத்து, வரி வாங்க வேண்டும். வரியைக் கூட்டினால் ஜனம் காலி செய்துகொண்டு போகும். அங்கே ஜனங்களுக்கு முகம் கிடையாது, நிறம் கிடையாது. ஒரே தெருவில் யார் யாரை வீடு வைக்க விடமாட்டார்கள் என்ற கேள்வியே எழாது.

இந்த ஆட்டத்துக்கு ரைட் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகளில் ஒன்று, ஜே ஃபாரஸ்டர் என்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் 1969இல் எழுதிய நகர இயக்கம் பற்றிய நூல். பாஸ்டன் நகரின் முன்னாள் மேயரோடு கலந்துபேசி, நகரம் முழுவதையும் சமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார் ஃபாரஸ்டர். ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது நகரத்தைக் கெடுக்கும், குடிசைப் பகுதிகளை இடித்துத் தொழிலுக்கு இடம் விடுவதே நல்லது என்பது அவர் மாதிரி கொடுத்த விடை. கம்ப்யூட்டர் சொன்ன விடை என்று அது அறிவியலின் தோரணையோடு வந்தது. ஆனால் எதை எண்ண வேண்டும், எதை எண்ண வேண்டாம் என்று முடிவுசெய்தது மனிதர்தானே? இடிக்கப்பட்ட வீட்டிலிருந்தவர் எங்கே போனார் என்பது அந்த நகரத்தின் எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டது.

இந்த வாதம் நமக்குப் புதிதில்லை. 2000இலிருந்து சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து நம் ஜனங்களைப் பெயர்த்துக் கண்ணகி நகரில் கொண்டுபோய்ப் போட்டபோதும் நகர வளர்ச்சி என்றுதான் சொன்னார்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆனதில் யாருடைய படிப்பு நின்றது, யாருடைய கூலி போனது என்பது எந்தத் திட்டப்படத்திலும் வராது. அதனால் மாதிரி செய்வது என்பது வெறும் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அரசும் இப்படித்தான் மேலேயிருந்து பார்த்துக் கட்டம் கட்டமாக யோசிக்கிறது.

4

1991இல் சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து வடிவமைத்த முதல் 'சிவிலைசேஷன்' வந்தது. எதேச்சாதிகாரம், முடியாட்சி, பொதுவுடைமை, குடியரசு, மக்களாட்சி என்று அரசுமுறைகளை வைத்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் நடுவில் சில காலம் குழப்பநிலை. எதேச்சாதிகாரத்தில் விளைச்சல் குறையும். மக்களாட்சியில் லஞ்சம் இருக்காது, ஆனால் படையை வெளியே அனுப்பினால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லாபம், ஒரு நட்டம். சமநிலையாக வடிவமைப்பது என்றால் இதுதான். எந்தத் தேர்வும் முழுக்க மோசமாக இருக்கக் கூடாது, இருந்தால் யாரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் குடிமக்கள் மூன்று வகை. மகிழ்ச்சியானவர், திருப்தியானவர், அதிருப்தியாளர். அதிருப்தியாளர் எண்ணிக்கை மகிழ்ச்சியானவரை மிஞ்சினால் ஊரில் கலவரம், உற்பத்தி நின்றுபோகும். அவர் ஏன் அதிருப்தியாளர் ஆனார்? ஆட்டம் சொல்லாது. ஊர் பெருத்தால் அதிருப்தி வரும், அவ்வளவுதான். அதைத் தீர்க்க என்ன வழி? கேளிக்கைக்குச் செலவழிக்கலாம். சில அரசுமுறைகளில் ஊருக்குள் படையை நிறுத்தலாம். எல்லாவற்றிலும் மலிவான வழி, கோயில் கட்டுவது. கோயில் கட்டினால் அதிருப்தியாளர் ஒருவர் திருப்தியானவராக மாறிவிடுவார்.

இந்த இடத்தை முதன்முதலாகக் கவனித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோயில் கட்டினால் நம் ஜனங்களுக்குத் திருப்தி வந்ததா? கோயில் வாசலில்தானே அடியும் உதையும் வாங்கினோம்? ஆனால் விதி எழுதியவரின் கேள்வி நீதி பற்றியது இல்லை, அமைதி பற்றியது. ஒரு கிளர்ச்சி என்பது அவருக்கு உற்பத்தி இழப்பு. நமக்கு அது வரலாறு. பார்க்கிற இருக்கை மாறினால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு பெயர் வந்துவிடுகிறது.

5

இனி அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சோரன் ஜான்சன் தலைமையில் வடிவமைத்த 'சிவிலைசேஷன் 4' அரசுமுறை என்ற ஒற்றைச் சொல்லை ஐந்தாகப் பிரித்தது. அரசாங்கம், சட்டம், உழைப்பு, பொருளாதாரம், மதம். ஒவ்வொன்றிலும் ஐந்து தேர்வுகள். எதையும் எதோடும் சேர்த்துக்கொள்ளலாம். வடிவமைப்பு என்று பார்த்தால் இது பெரிய முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னராட்சியும் மத சகிப்பும் ஒன்றாக இருக்கலாம், ஓட்டுரிமையும் அடிமை முறையும் ஒன்றாக இருக்கலாம் என்று அது அனுமதித்தது. வரலாறும் அப்படித்தானே இருந்திருக்கிறது?

உழைப்பு என்ற வரிசையில் இருக்கிற ஐந்தும் இவை: குலமுறை, அடிமைமுறை, பண்ணையடிமை முறை, சாதி அமைப்பு, விடுதலை. அடிமைமுறையை வைத்தால் ஊரின் ஜனத்தொகையில் ஒன்றிரண்டைப் பலிகொடுத்து ஒரு கட்டடத்தை உடனே முடித்துவிடலாம். அதற்கு விலை, பத்துச் சுற்றுக்கு ஓர் ஆள் அளவுக்கு அதிருப்தி. பதினோராவது சுற்றில் எல்லாம் மறந்துபோகும். ஆட்டக்காரர்கள் இதற்குச் சாட்டை என்றே பேர் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். எந்தச் சுற்றில் எத்தனை பேரைச் சாட்டைக்குக் கொடுத்தால் லாபம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சாதி அமைப்பு 'சட்டத் தொகுப்பு' என்ற அறிவைக் கண்டுபிடித்தால் கிடைக்கும். வைத்தால் ஒரு நகரத்தில் கலைஞர், விஞ்ஞானி, வணிகர் ஆகியோரை வரம்பில்லாமல் நியமிக்கலாம். 2007இல் வந்த கூடுதல் பகுதியில் பட்டறைகளின் உற்பத்தியும் இதனால் கூடியது. சாதி இல்லாவிட்டால் இதற்கெல்லாம் கட்டடம் வேண்டும். ஒரு நூலகம் கட்டினால் இரண்டு விஞ்ஞானிக்கு இடம். சாதி இருந்தால் நூலகமே இல்லாமல் எத்தனை விஞ்ஞானி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்!

எழுத்து நம் காதில் விழக் கூடாது என்று விதி எழுதிய அமைப்பு அது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய அமைப்பு. அதே அமைப்பு திரையில் அறிவை வாரிக் கொடுக்கிற அட்சய பாத்திரமாக வந்து நிற்கிறது. நம் பையன் அதைப் பார்த்து, வைக்கட்டுமா என்று கேட்கிறான்.

வடிவமைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. அவரவர் தொழிலில் அவரவர் தேர்ச்சிபெறுவார்கள் என்று, சாதியைக் கைவினைச் சங்கம் மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள். இதே வாதத்தை நம் நாட்டில் படித்த பெரிய மனிதர்களே சொல்லியிருக்கிறார்கள். அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் இதை எடுத்துக்கொண்டு, பிரிக்கப்படுவது வேலை மட்டுமில்லை, வேலை செய்கிற மனிதர்களே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கப்படுகிறார்கள் என்று விளக்கி முடித்துவிட்டார். அந்த உரைக்கு அழைத்த லாகூர்க்காரர்களே கூட்டத்தை ரத்துசெய்தார்கள், அவர் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். எழுபது வருசம் கழித்து வந்த ஆட்டத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இன்னும் மூன்று விசயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சாதியால் கலைஞர், விஞ்ஞானி, வணிகர் கூடுகிறார்கள், பூசாரி கூடுவதில்லை. பூசாரிக்கு மட்டும் கோயில் கட்டித்தான் ஆக வேண்டும். சாதியால் எந்த லாபமும் அடையாத பூசாரி! இரண்டு, அடிமைமுறையும் சாதியும் ஒரே வரிசையில் தனித்தனித் தேர்வுகள். ஒன்றை வைத்தால் மற்றது போய்விடும். நம் வரலாற்றில் இரண்டும் ஒரே உடம்பின் மேல்தான் இருந்தன. சென்னை மாகாணத்தின் பண்ணையாள் சாதியால் பறையராக, பள்ளராக இருந்தார், அந்தக் காரணத்தாலேயே அடிமையாகவும் இருந்தார். 1843இல் கும்பெனி அரசு அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று சொன்ன பிறகும், கடன் என்ற பெயரில் அவர் அதே களத்துமேட்டில் நின்றார். மூன்று, இதை வைப்பதும் எடுப்பதும் அரசரின் ஒரு சொடுக்கில் முடிகிறது. சாதியை எந்த அரசரும் சொடுக்கி வைக்கவில்லை. அரசரையே வைத்ததும் எடுத்ததும் அதுதான்.

ஒரேயோர் இடத்தில் ஆட்டம் உண்மையைத் தொட்டிருக்கிறது. உலகில் ஏதாவது ஒரு நாடு 'விடுதலை'யைச் சட்டமாக வைத்துவிட்டால், வைக்காத நாடுகளின் ஊர்களில் எல்லாம் அதிருப்தி கூடும். எங்கோ விலங்கு உடைகிற சத்தம் இங்கே கேட்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைக் கேள்விப்பட்டு, 1972இல் பம்பாயில் 'தலித் பேந்தர்' என்று பெயர் வைத்தவர்களுக்கு அது தெரியும்.

6

ஆட்டங்கள் எதைச் சேர்க்கின்றன என்பதைப் போலவே எதை விடுகின்றன என்பதும் அரசியல். 1994இல் அமெரிக்கக் கண்டத்தைக் குடியேற்றமாக்குவதைப் பற்றி 'கோலனைசேஷன்' என்ற ஆட்டம் வந்தது. கரும்பு, புகையிலை, பருத்தி எல்லாம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் மட்டும் இல்லை. யார் மனதும் புண்படாமல் பருத்தி விளைந்தது.

2014இல் 'க்ரூசேடர் கிங்ஸ் 2' ஆட்டத்துக்கு 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' என்ற பகுதி வந்தது. இந்து அரசர்களுக்குச் சாதி ஒரு குணமாகச் சேர்க்கப்பட்டது. பிராமணர், சத்திரியர், வைசியர், ஆக மூன்று. ஆட்டம் அரசர்களைப் பற்றியது, அதனால் மற்றவர் தேவையில்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பேரும் சாப்பிட்ட சோற்றை விளைத்தது யார்? அவர்கள் செத்தால் பறையடித்தது, பிணம் சுட்டது யார்? நாலாவது ஆளும் இல்லை, ஐந்தாவது ஆளும் இல்லாத ஒரு சாதி அமைப்பு.

7

இந்த வரிசையில் தனியாகப் பேச வேண்டியது 'விக்டோரியா'. 2003இல் முதலும், 2010இல் இரண்டாவதும், 2022இல் மூன்றாவதும் வந்தன. மூன்றாவதின் காலம் 1836லிருந்து 1936 வரை. இதில் ஜனங்கள் வெறும் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொழில், மதம், இனம், வருமானம் உண்டு. மூன்றாவது ஆட்டத்தில் நிலவுடைமையாளர், மதத்தலைமை, முதலாளிகள், தொழிற்சங்கம், கிராமத்து மக்கள் என்று நலக்குழுக்கள் இருக்கின்றன. பணம் உள்ளவருக்கு அரசியல் பலம் கூடுதல். சட்டம் யாரை ஒதுக்குகிறதோ அவர்களுக்குக் கூலி குறைவு, பலம் குறைவு. பண்ணையடிமை முறையை ஒழிக்க நினைத்தால் நிலவுடைமையாளர் மறிப்பார்கள், மீறினால் கலகத்துக்குக் கிளம்புவார்கள். ஆடுகிறவர் நினைத்த மாத்திரத்தில் எதையும் மாற்ற முடியாது. 2024இல் வந்த இந்தியா பற்றிய பகுதியோடு சாதியும் சட்டம் சார்ந்த சமூகப் படிநிலையாக உள்ளே வந்தது. 2005இன் அட்சய பாத்திரத்தோடு ஒப்பிட்டால் இது நேர்மையான முயற்சி.

ஆனாலும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. போராடி ஒரு சட்டம் நிறைவேறிவிட்டால் அது நாடு முழுக்க நடைமுறைக்கு வந்துவிடும். நிர்வாகம் என்பது காகிதச் செலவும் அலுவலகக் கட்டடமுமாக ஒரு கணக்கில் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் யார் என்ற கேள்வி இல்லை.

நம் அனுபவம் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. அதே விக்டோரியா காலத்தில், 1891இல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் அந்த ஜில்லாப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் பத்து வருசம் யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது விதி. காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு நல்ல வடிவமைப்பு! ஆனால் பட்டா யார் பெயரில் ஏறுகிறது, அடங்கலில் சாகுபடி யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது கர்ணம் கையில். கர்ணமும் முன்சீப்பும் ஊரில் இருந்தார்கள், நிலம் பெற்றவர் சேரியில் இருந்தார். 1980இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிகிறதற்குள் எத்தனையோ ஏக்கர் கைமாறிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் அம்பேத்கர் சிலையை நட்டுப் போராடியபோது, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நூற்றிரண்டு வருசத்துக்கு முந்தி நிறைவேறிய ஒரு கொள்கையை நடைமுறைப்படுத்தச் சொன்னதற்கு விழுந்த உயிர்கள் அவை. எந்த ஆட்டத்தில் இதற்கு விதி இருக்கிறது?

8

நம்மிடம் விதி வடிவமைப்பைப் பற்றி யோசித்தவர் இல்லையா? அம்பேத்கரை அப்படி வாசித்துப் பாருங்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் தாழ்த்தப்பட்டோருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று பொதுத் தொகுதியில், இன்னொன்று தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கிற தனித்தொகுதியில். மாகாண சபைகளில் இடம் 71. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். இடம் 148 ஆயிற்று, இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் முதல்கட்டத்தில் நாம் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்போம், அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நம் ஆளைக் கடைசியாகத் தீர்மானிக்கிற ஓட்டு ஊர்க்காரர் கையில்.

காய் கூடியது, காயை நகர்த்துகிற கை மாறிவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் லாபம் என்பார். அம்பேத்கர் விதியைப் பார்த்தார். அதனால்தான் 1945இல் காங்கிரசைப் பற்றி எழுதிய நூலில் தேர்தல் முடிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த விதி யாரை ஜெயிக்கவைக்கிறது என்று ஆராய்ந்தார். பிறகு அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக ஒரு நாட்டுக்கே விதி எழுதினார். 'சிவிலைசேஷன்' வரிசையில் 1991லிருந்து இந்தியாவின் தலைவராகக் காந்தி வந்துகொண்டிருந்தார். அசோகரும் சந்திரகுப்தரும் வந்தார்கள். விதி எழுதியவர் நான் பார்த்தவரை தலைவர் வரிசையில் வரவில்லை.

இருக்கையை மாற்றிவைத்த வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரெண்டா ரொமேரோ 2008இல் தன் மகளுக்கு அடிமைக் கப்பலைப் புரியவைக்க ஒரு பலகை விளையாட்டு செய்தார். குழந்தை மரக்கட்டைகளுக்கு வர்ணம் பூசிக் குடும்பம் குடும்பமாக வைத்தாள். தாய் கைக்கு வந்ததை அள்ளிப் படகில் போட்டார். அம்மா இங்கே, பிள்ளை அங்கே. பாதிக் கடலில் உணவு போதவில்லை. பாடப்புத்தகத்தில் படித்து மறந்தது அப்போது குழந்தைக்கு உறைத்தது. 2012இல் வந்த 'ஃப்ரீடம்' என்ற பலகை விளையாட்டில் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம். அடிமைகளைத் தப்பவைக்கிற ரகசியப் பாதையை அவர்கள் சேர்ந்து நடத்த வேண்டும். ஆட்டின் பக்கம் ஆள் உட்காருகிற ஆட்டங்கள் இவை.

9

'சிவிலைசேஷன் 4'க்கு ஒரு வசதி உண்டு. அதன் விதிகள் பெரும்பாலும் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. யாரும் மாற்றி எழுதலாம். இது எனக்குத் தெரிந்ததும் அந்தப் பையனிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். சாதி அமைப்புக்கு என்ன எழுதுவது?

"விஞ்ஞானிய எடுத்துடுவோம்ணே" என்றான் பையன். எடுத்தோம். "சண்டை வந்தா பாதிப் பேரு சேரமாட்டாங்கன்னு போடணும்" என்றான் இன்னொருவன். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, "பத்துச் சுற்றுல கோபம் போயிடுமா? எங்க ஆயாவுக்கு இன்னும் போகலியே" என்றாள். அந்த எண்ணை எவ்வளவுக்கு ஏற்றுவது என்று பெரிய வாக்குவாதம். பூசாரியை வரம்பில்லாமல் விடலாம் என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள்.

கடைசியில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டோம். ஊரில் இருக்கிற ஜனங்களில் யாரை எங்கே பிறந்தவர் என்று பிரிப்பது? பையன் கோப்பை மேலும் கீழும் தேடினான். அதில் உற்பத்திக்கு வரி இருக்கிறது, வணிகத்துக்கு, அறிவுக்கு, அதிருப்திக்கு வரி இருக்கிறது. பிறப்புக்கு வரியே கிடையாது. அந்த ஆட்டத்தில் எல்லோரும் சமமாகப் பிறந்துவிடுகிறார்கள்! சாதியை எப்படி மாற்றி எழுதினாலும் அங்கே சாதி வராது. ஆட்டத்தையே அடியிலிருந்து வேறாக எழுத வேண்டும்.

பையன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, என் கட்டுரை நோட்டுக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கினான். நடுவில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் ஊர் என்றும் மறுபக்கம் சேரி என்றும் எழுதினான். "மொதல்ல இது இருக்கணும்ணே. மத்த விதியெல்லாம் இதுக்கப்புறம்" என்றான். அந்தத் தாள் பாடசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஞாயிறுதோறும் அதில் ஒரு விதி ஏறுகிறது, ஒரு விதி அடிபடுகிறது. கர்ணத்துக்கு ஒரு காய் வைத்திருக்கிறார்கள். கலெக்டருக்கும் உண்டு. ஆனால் ஆடுகிறவர் உட்கார வேண்டிய இடம் சேரிப்பக்கம்தான் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.